ரத்த மாதிரி பெங்களூர் போகிறது, பதில் கிடைக்கு வருமா?

கேள்வி, 9 நவம்பர் மாலை

"எங்கள் ஊர் முதுகுளத்தூர் பக்கம். ஊர் ஊராக மேய்ச்சலுக்குப் போகிற எங்கள் ஆட்டு மந்தை, அதாவது கிடை, இப்போது கள்ளிக்குடியில் நிற்கிறது. இரண்டு வாரத்தில் பதினோரு செம்மறி போய்விட்டது. உதடும் தாடையும் வீங்குகிறது, மூக்கில் சளி காய்ந்து அடைக்கிறது, காலை ஊன்ற முடியாமல் முட்டி போட்டு மேய்கிறது. டாக்டர் வந்து ஊசி போட்டார். நாலு ஆட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு, பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம், மெட்ராஸ் போய் அங்கிருந்து பெங்களூர் போனாலும் போகும் என்றார். வாரக்கணக்கில் ஆகுமாம். செத்த ஆட்டுக்கு ஜாதகம் பார்த்து என்ன பண்ண? இந்த ஆய்வகங்களால் ஆடு வளர்க்கிறவனுக்குப் பிரயோஜனம் உண்டா இல்லையா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

9 நவம்பர், இரவு 10 மணி

உண்டு தம்பி. நான் 33 வருஷம் கால்நடை ஆய்வாளராக உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் என்று இந்தப் பக்கமே வேலை பார்த்தவன். விளக்கமெல்லாம் நாளைக்கு எழுதுகிறேன். இன்று ராத்திரி செய்ய வேண்டியதை மட்டும் இப்போது சொல்கிறேன்.

கிடை பள்ளத்தில், ஈரத்தில் இருந்தால் மேட்டுக்கு மாற்றுங்கள். பொழுது சாயும்போது காற்று வரும் பக்கம் வேப்பிலைப் புகை போடுங்கள். வாய் புண்ணான ஆட்டைத் தனியாகப் பிரித்துக் கேழ்வரகுக் கூழ் கரைத்து ஊற்றுங்கள். நிழல் வேண்டும், வெயிலில் நடத்தவே கூடாது. செத்ததைத் தோலுக்காக உரிக்காமல் ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். இதற்கெல்லாம் ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

10 நவம்பர், காலை

நீங்கள் சொன்ன குறிகளை வைத்துப் பார்த்தால் எனக்கு நீலநாக்கு நோய் என்றுதான் தோன்றுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பக்கம் அதுதான் வரும். குளம்புக்கு மேலே, ரோமம் முடிகிற இடத்தில், சிவப்பாக ஒரு கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். பேர்தான் நீலநாக்கு, எல்லா ஆட்டிலும் நாக்கு நீலமாகாது. முட்டி போட்டு மேய்வது பெரிய அடையாளம்.

ஆனால் 'தோன்றுகிறது' என்றுதான் என்னால் சொல்ல முடியும். வாயில் புண், மூக்கில் சளி, கால் நொண்டல் மூன்றையும் வைத்துக்கொண்டு கோமாரி என்றும் சொல்லலாம், ஆட்டுக்கொல்லி என்றும் சொல்லலாம், வெறும் வாய்ப்புண் அம்மை என்றும் சொல்லலாம். நாலுக்கும் தடுப்பு வேறு வேறு. கோமாரி என்றால் பக்கத்துத் தோட்டத்து மாடுகளுக்கும் ஆபத்து. ஆட்டுக்கொல்லி என்றால் ஆட்டுக்கு ஆடு மூச்சிலேயே ஒட்டும், அதனால் கிடையைப் பிரிக்க வேண்டும். நீலநாக்கு கொசுவைவிடச் சின்னதான ஒரு கடிப்பூச்சியால் பரவுவது. சேறும் ஈரச் சாணியும்தான் அதற்குப் பிறப்பிடம். அங்கே கிடையைப் பிரித்து ஒன்றும் ஆகாது, இடத்தை மாற்ற வேண்டும். பேர் தெரியாமல் எதைச் செய்வது?

நேற்று ஜாதகம் என்றீர்கள். அது செத்த ஆட்டுக்குப் பார்க்கிற ஜாதகம் இல்லை தம்பி, உயிரோடு நிற்கிறவற்றுக்கு.

10 நவம்பர், மதியம்

ஊசி போட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அது புண்ணில் சீழ் பிடிக்காமல் இருக்கவும் காய்ச்சல் தணியவும்தான். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. டாக்டர் மேல் கோபப்பட வேண்டாம்.

12 நவம்பர்

டாக்டர் ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம், சிவப்பு மூடிக் குழாயில் கொஞ்சம் என்று எடுத்திருப்பார். ஏன் இரண்டு என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

செம்மறியை ஒருவர் மடியோடு அணைத்துத் தலையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். கழுத்து ரோமத்தை விலக்கி, கீழே பெருவிரலால் அழுத்தினால் நரம்பு கயிறு மாதிரி புடைத்து வரும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்டு. நீலநாக்கு வைரஸ் ரத்தத்தின் சிவப்பணுவோடு ஒட்டிக்கொண்டே பல வாரம் இருக்கும். வைரஸைத் தேடுவது இந்தக் குழாயில்தான். இதைக் குளிரில் வைக்க வேண்டும், ஆனால் உறைய விடக் கூடாது. உறைந்தால் அணு உடைந்துவிடும்.

சிவப்பு மூடிக் குழாயைச் சாய்த்து வைப்போம். கொஞ்ச நேரத்தில் ரத்தம் கட்டிப் பாகு மாதிரி ஒரு பக்கம் நின்றுவிடும், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் பிரியும். அதுதான் சீரம். அந்த ஆட்டின் உடம்பு இதற்கு முன் எந்த நோயோடு சண்டை போட்டது என்பதற்கு அதில் சாட்சி இருக்கும். பிரிவதற்கு முன்னால் பைக்கில் குலுக்கிக்கொண்டு போனால் சீரம் சிவந்துவிடும், பிறகு அது ஆகாது. அதனால் நான் கிடையிலேயே, வரப்பில் செருப்பைக் கழற்றிக் குழாய்க்குத் தலைகாணியாகக் கொடுத்துவிட்டு, கீதாரியோடு, அதாவது கிடையை நடத்துகிறவரோடு, பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாதி நோய்க்கதை அந்த நேரத்தில்தான் தெரியவரும். முதல் ஆடு எப்போது படுத்தது, எந்தச் சந்தையில் வாங்கிய கிடா, போன வாரம் எந்தக் கண்மாயில் தண்ணீர் காட்டினார்கள், எல்லாம்.

அப்புறம் தெர்மாகோல் பெட்டி. ஐஸ் பை, அதற்கு மேல் செய்தித்தாள், அதற்கு மேல் குழாய். ஐஸ் நேராகக் குழாயைத் தொடக் கூடாது. பேரைப் பேனாவில் எழுதினால் ஈரத்தில் கரைந்துவிடும். பிளாஸ்திரி ஒட்டிப் பென்சிலால் எழுதுவேன். ராத்திரி பஸ்ஸில் யாராவது ஒருவர் மடியில் வைத்துக்கொண்டுதான் போவார்.

12 நவம்பர், இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது.

ஒரு வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள், பேரையூர்ப் பக்கம் ஒரு கிடையில் இப்படித்தான் மாதிரி எடுத்துக் கட்டி ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். அடுத்தடுத்து விடுமுறை. பெட்டி நாலு நாள் அங்கேயே ஒரு மேசைக்கு அடியில் இருந்தது. ஐஸ் தண்ணீராகி, குழாய்கள் அதில் மிதந்திருக்கின்றன. மூன்று வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: 'மாதிரி பரிசோதனைக்கு ஏற்ற நிலையில் இல்லை.' அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நானேதான் போனேன். கீதாரி வயசானவர். ஒன்றும் திட்டவில்லை. "சரி சார், ஆட்டைத்தான் காப்பாத்த முடியல, ரத்தத்தையுமா" என்றார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து பெட்டி கை மாறும்போதெல்லாம் வாங்குகிறவர் பேரையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன்.

ஆகவே உங்கள் கேள்வியில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. எவ்வளவு பெரிய ஆய்வகமாக இருந்தாலும், வந்து சேர்கிற குழாய் கெட்டிருந்தால் அதால் ஒன்றும் செய்ய முடியாது.

15 நவம்பர்

"மாவட்டத்திலேயே பார்க்க முடியாதா, எதற்கு அவ்வளவு தூரம்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலதை இங்கேயே பார்க்கலாம். கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு மாவட்டத்தில் இருக்கிறது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்று சந்தேகம் வந்தால் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, நீலச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே தெரிந்துவிடும். அடைப்பான் வந்த உடம்பைத் திறக்கக் கூடாது, கிருமி காற்றுப் பட்டால் வித்தாகி மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். அதனால்தான் காதோடு நிறுத்துவோம். குடலில் நஞ்சு சேர்ந்து ஆடு திடீரென்று சாகும் துள்ளுமாரிக்குக் குடல் நீரில் கொஞ்சம் குளோரோபாம் விட்டு எடுத்துப் போனால் போதும்.

வைரஸ் கதை வேறு. கோமாரி வைரஸில் உலகத்தில் ஏழு வகை உண்டு. நம் நாட்டில் இப்போது ஓடுவது ஓ, ஏ, ஆசியா 1 என்ற மூன்று. ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது. ஒரே வகைக்குள்ளும் வைரஸ் மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். மாட்டு நாக்கில் உரிந்த தோலைக் கிளிசரின் கலந்த திரவத்தில் போட்டு அனுப்பினால், ஊசியில் இருக்கும் வைரஸும் வயலில் ஓடும் வைரஸும் இன்னும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். இந்தியாவில் இதற்கான தேசிய நிறுவனம் புவனேஸ்வரத்தில், உலக அளவில் இங்கிலாந்தில் பிர்பிரைட். ஒத்துப்போகவில்லை என்றால் ஊசியில் இருக்கும் வைரஸையே மாற்ற வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஆள் இல்லாவிட்டால், நாம் வருஷம் இரண்டு தடவை ஊசி போட்டுக்கொண்டே இருப்போம், மாடும் விழுந்துகொண்டே இருக்கும்.

மாவட்டத்துக்கு ஒன்று என்று உயிருள்ள வைரஸை வளர்க்கிற கூடம் கட்ட எனக்கும் முன்பு ஆசைதான். 2007இல் பிர்பிரைட் வளாகத்திலிருந்தே கழிவுநீர்க் குழாய் வழியாகக் கோமாரி வைரஸ் வெளியேறிப் பக்கத்துப் பண்ணைகளில் நோய் வந்தது. அவ்வளவு காவல் உள்ள இடத்திலேயே அப்படி. அதைப் படித்த பிறகு ஆசையை விட்டுவிட்டேன். அவை கொஞ்ச இடங்களில் மட்டும், கட்டுக்காவலோடு இருக்கட்டும். மாதிரி போகிற பாதையை நாம் சரிசெய்துகொள்ளலாம்.

16 நவம்பர்

இன்னொரு வேலையையும் சொல்ல மறந்தேன். திருமங்கலம் சந்தையில் படிக்கல்லுக்கு முத்திரை போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தானே வாங்குவோம்? மேலே இருக்கும் மூல ஆய்வகம் கீழே உள்ள ஆய்வகங்களுக்குப் போடுவதும் அந்த முத்திரைதான். பேர் போடாமல், எண் மட்டும் ஒட்டிச் சில குழாய்களை அனுப்புவார்கள். எதில் நோய் இருக்கிறது, எதில் இல்லை என்று கீழே உள்ளவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். தப்பினால் எங்கே தப்பியது என்று சரிசெய்வார்கள். ஒரே சீரத்தை மதுரையில் பார்த்தாலும் போபாலில் பார்த்தாலும் ஒரே பதில் வருகிறது என்றால் அது இதனால்தான்.

17 நவம்பர்

நீலநாக்கில் எத்தனை வகை என்று ஒருவர் தனியாகக் கேட்டார், 24 என்று சொல்லிவிட்டேன். அது நான் படித்த காலத்துக் கணக்கு. 2008இல் சுவிட்சர்லாந்து வெள்ளாடுகளில் 25ஆவது தெரிந்தது, பிறகு குவைத்தில் 26, கோர்சிகாத் தீவில் 27, இன்னும் நீள்கிறது. திருத்திக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் கிடைக்கும் நீலநாக்குத் தடுப்பூசி ஐந்து வகை சேர்த்துச் செய்தது: 1, 2, 10, 16, 23. ஏன் இந்த ஐந்து? பல மாநிலங்களில் செத்த, பிழைத்த ஆடுகளின் ரத்தத்திலிருந்து வைரஸைப் பிரித்து, வகை பார்த்து, எவை அதிகம் சுற்றுகின்றன என்று தெரிந்ததால். உங்களைப் போல யாரோ கிடையில் ஆட்டைப் பிடித்துக் கொடுத்ததால்தான் அந்தக் கணக்கே கிடைத்தது. 1997, 98 மழையில் தமிழ்நாட்டில் செம்மறிகள் கொத்துக் கொத்தாகச் செத்ததை நான் நேரில் பார்த்தேன். அப்போது போடுவதற்கு இந்த ஊசி கிடையாது. புகை போட்டோம், கூழ் ஊற்றினோம், குழி வெட்டினோம்.

21 நவம்பர்

இரண்டு நாளாக ஆட்டுக்கொல்லி பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் அப்பா காலத்து ஆட்கள் மாட்டுக்கு வந்தாலும் 'வெக்கை' என்பார்கள், ஆட்டுக்கு வந்தாலும் 'வெக்கை' என்பார்கள். இரண்டிலும் காய்ச்சல், வாய்ப்புண், நாற்றமெடுத்த கழிச்சல். மருத்துவர்களுமே ஆட்டுக்கு வருவதும் மாட்டு வெக்கைதான் என்று நினைத்த காலம் உண்டு. 1987இல் விழுப்புரம் பக்கம் அரசூரில் செம்மறிகளுக்கு வந்த நோயை ஆய்வகத்தில் பகுத்துப் பார்த்தபோது, இது மாட்டு வெக்கை இல்லை, அதன் தாயாதியான வேறு வைரஸ் என்று உறுதியானது. அதுவரை ஆட்டுக்கொல்லி இந்தியாவில் இருப்பதாகவே கணக்கு இல்லை. நான் அடுத்த வருஷம் பணியில் சேர்ந்தேன், பயிற்சியில் எங்களுக்கு அரசூரைச் சொல்லித்தான் பாடம் ஆரம்பித்தார்கள்.

அந்த ஒரு பகுப்பால் என்ன நடந்தது என்று பாருங்கள். நாடு முழுக்க மாட்டு வெக்கையை ஒழிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த நேரம். ஆட்டுக்கு வருவதையும் அதே கணக்கில் எழுதிக்கொண்டிருந்தால் 'ஒழிந்தது' என்று என்றைக்கும் சொல்லியிருக்க முடியாது. இந்தியாவில் கடைசி வெக்கை 1995இல். 2006இல் இந்தியாவில் இல்லை என்றும், 2011இல் உலகத்திலேயே இல்லை என்றும் அறிவித்தார்கள். மனிதன் பெரியம்மையை ஒழித்ததற்கு அடுத்து ஒழித்தது இதைத்தான். அதே அரசூர் ஆடுகளிலிருந்து எடுத்த வைரஸை வைத்து நம் கால்நடைப் பல்கலைக்கழகம் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியும் செய்தது. ஆட்டுக்கொல்லியில் ஒரே வகைதான், அதனால் ஒரே ஊசி போதும், போட்டால் மூன்று வருஷம் தாங்கும். 2030க்குள் அதையும் உலகத்தை விட்டே அனுப்ப வேண்டும் என்று வேலை நடக்கிறது.

அரசூரில் ஆடு வைத்திருந்தவருக்கு அந்த முடிவு எப்போது போய்ச் சேர்ந்ததோ. அவருடைய ஆடுகளை அது காப்பாற்றியிருக்காது. உங்கள் கிடைக்கு நீங்கள் போட்ட ஆட்டுக்கொல்லி ஊசிக்கு வழி அங்கேதான் திறந்தது.

22 நவம்பர்

ராணிக்கெட் நோய்க்கு ராணிப்பேட்டையில்தான் பேர் வந்ததா என்று கேட்ட தங்கச்சிக்கு: இல்லை. ராணிக்கெட் இமயமலைப் பக்கத்து ஊர், இப்போது உத்தராகண்டில் இருக்கிறது. கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல்தான் அது. ராணிப்பேட்டையில் இருப்பது நம் மாநிலத் தடுப்பு மருந்து நிலையம், 1932இல் ஆரம்பித்தது. அந்த நோய்க்கு ஊசி மருந்து அங்கேயும் செய்வதால் பேர் குழம்பிவிடுகிறது.

4 டிசம்பர்

முடிவு வந்ததா? கேட்டால் இல்லை என்கிறீர்கள். 25 நாள் ஆகிவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம். மாதிரியோடு போகும் படிவத்தில் 'உரிமையாளர் பெயர், கிராமம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நீங்கள் என்ன சொன்னீர்கள்? முதுகுளத்தூர் என்றா, கள்ளிக்குடி என்றா? போன் நம்பர் எழுதினார்களா?

28 டிசம்பர்

நான் பயந்தது மாதிரியேதான் இருக்கிறது. படிவத்தில் சொந்த ஊர் இருக்கிறது, நம்பர் இல்லை. ஆடு செத்தது மதுரை மாவட்டத்தில், முகவரி ராமநாதபுரம் மாவட்டத்தில், கிடை இப்போது வேறெங்கோ. கிடைக்கு நிலையான முகவரி கிடையாது, அதுதானே கிடை.

இதில் இரண்டு கேடு. பதில் உங்களுக்கு வராது என்பது ஒன்று. ஆய்வகத்தில் வரைபடத்தில் புள்ளி வைக்கும்போது கள்ளிக்குடியில் வைக்க வேண்டியதை முதுகுளத்தூரில் வைத்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. அடுத்த மழைக்கு முன்னால் ஊசியை எங்கே அதிகம் அனுப்புவது என்று அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பெங்களூர் எலகங்காவில் இருக்கும் தேசியக் கால்நடை நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் முக்கியமான வேலையே எந்த மாவட்டத்தில் எந்த மாதம் எந்த நோய் வரும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான். தப்பான புள்ளியை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படிச் சரியாகச் சொல்வார்கள்?

கீதாரிகளே, ஒரு வேண்டுகோள். ரத்தம் எடுக்க யார் வந்தாலும் ஆடு நிற்கிற ஊரையும் உங்கள் போன் நம்பரையும் எழுதச் சொல்லி நின்று பார்த்துவிட்டு அப்புறம் ஆட்டை விடுங்கள். மாதிரி எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணியில் இருக்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால், அந்தக் கட்டத்தை நீங்களே இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

18 ஜனவரி

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு, பாலமேட்டுக்குப் போயிருந்தேன். "ஊசி போட்டாங்க, சரி. நல்லா இருக்கிற மாட்டுல எதுக்கு ரத்தம் எடுத்துட்டுப் போறாங்க" என்று அக்கா சண்டைக்கு வந்தது. 2019இல் ஆரம்பித்த கோமாரித் திட்டத்தில் ஊசிக்கு முன்னும் பின்னும் சில மாடுகளில் சீரம் எடுப்பார்கள். போட்ட ஊசி பிடித்ததா என்று அதில்தான் தெரியும். இன்னொரு சோதனையில், மாட்டின் உடம்பில் இருக்கும் எதிர்ப்பு ஊசியால் வந்ததா, நிஜ நோய் வந்து போனதா என்றே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். இதைச் சொன்னதும் அக்கா, "அப்ப என் மாட்டுக்குப் பிடிச்சிருக்கான்னு யாரு சொல்லுவா?" என்று கேட்டது. அதுவும் இந்தத் தம்பி கேட்ட கேள்விதான். பதில் மாட்டின் காது வில்லை எண்ணோடு வீட்டுக்கு வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

22 பிப்ரவரி

முடிவு கிடைத்துவிட்டது. தம்பி முதுகுளத்தூரில் தன் சித்தப்பாவை அனுப்பிக் கேட்கச் சொல்லி, அங்கே இல்லை என்று ஆனபிறகு, மாதிரி எடுத்த டாக்டரையே பிடித்து எண்ணைச் சொல்லித் தேடியிருக்கிறார். தாள் டிசம்பரிலேயே வந்து ஒரு கோப்பில் இருந்திருக்கிறது. படம் எடுத்து எனக்கும் அனுப்பினார். நாலு குழாயில் மூன்றில், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் நீலநாக்கு வைரஸ் உறுதி. சீரத்தில் எதிர்ப்பு இருப்பதை மட்டும் வைத்துச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், இந்தப் பக்கத்துச் செம்மறிகளில் பாதிக்கு மேல் அது எப்போதும் இருக்கும் என்றே சொல்வேன். இது வைரஸையே பார்த்தது. வகை எண்ணும் போட்டிருக்கிறது, ஊசியில் இருக்கும் ஐந்துக்குள்தான் வருகிறது.

கிடை இப்போது சோழவந்தான் பக்கம், தை அறுப்பு முடிந்த வயலில் நிற்கிறது. மொத்தம் பத்தொன்பது ஆடு போயிருக்கிறது. மிச்சத்துக்கு மழைக்கு முன்னால், ஆவணிக்குள் ஊசி போட வேண்டும் என்று அங்கே உள்ள டாக்டரிடம் பேசியாகிவிட்டது. பக்கத்து வயல்களில் இன்னும் மூன்று கிடைகள் இருக்கின்றனவாம். அவர்களிடமும் தாளைக் காட்டச் சொன்னேன். தம்பி நாளைக் காலை என்னை வரச் சொல்லியிருக்கிறார், முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.